சீலிங்கர் படுத்துப் பார்த்த வீடு

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், கொழும்பில் சீலிங்கரை ஒருதடவை வீட்டுக்குள் விட்டவர் எவரும் அதற்குப் பிறகு நிம்மதியாக மல்லாந்து படுத்ததில்லை. அதுவரை தலைக்கு மேலே என்ன இருக்கிறதென்றே யோசிக்காத மனிதர்கள், அவர் வந்துபோன பிறகு, ‘கொஞ்சம் மஞ்சளடித்துத்தான் கிடக்கிறது’ என்று முணுமுணுத்துக்கொண்டு புரண்டு படுத்தார்கள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் அவரும் நானுமாகக் கலியாணமாகாத கிளாக்கர்மார் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரனையும் வைத்துக்கொண்டு குடியிருந்தோம். சமறி என்போம். அந்தச் சமறியில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் பாவித்ததில்லை. மூத்தவர் என்பதால் நேரில் ‘அண்ணை’. முதுகுக்குப் பின்னால் சீலிங்கர்.

எந்த வீட்டுக்குப் போனாலும் மற்றவர்கள் கதிரையைத் தேடுவார்கள். அவர் ஒரு பாய் கேட்பார். அறையின் நடுவே விரித்து, கையை நெஞ்சில் வைத்து, சீலிங்கைப் பார்த்தபடி கிடப்பார். வீட்டுக்காரி தேத்தண்ணியோடு வந்து, எங்கே நீட்டுவதென்று தெரியாமல் நிற்பாள்.

“நிண்டுகொண்டு சீலிங்கைப் பார்க்கிறவன் வெள்ளையடிக்கிறவன் மட்டுந்தான் தம்பி. வீட்டுக்காரன் படுத்துக்கொண்டுதானே பார்க்கிறான்” என்பார்.

அவர் கணக்கில் ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு நீதி. சிவப்புச் சீமெந்துத் தரை பின்னேர வெயிலை மேலே எறியும். அங்கே வெறும் வெள்ளை அடித்தால் அறை முழுக்க ரோஸ் நிறமாகிவிடும். ஆகவே சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சிட்டிகை கலக்க வேண்டும். கறுத்தத் தேக்கு அலுமாரி நிற்கிற அறைக்கு அந்த நீலம் கூடாது. அலுமாரி மூஞ்சையைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கையெட்டும் உயரத்தில் பதிந்த சீலிங்குக்கு இருண்ட நிறம் பூசுகிறவனை அவர் மனிதனாகவே மதிக்கமாட்டார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு புடைவைக்கடை முதலாளி புதுவீடு கட்டிப் பலகைச் சீலிங் அடித்தார். அதற்குப் பளபளக்கும் பச்சை எனாமல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மினுக்கம் வேண்டாம் என்று சீலிங்கர் பாயில் கிடந்தபடியே மன்றாடிப் பார்த்தார். முதலாளி கேட்கவில்லை. புதுவீட்டுக் குடிபூரல் விருந்தில், பந்தியில் இருந்த ஒருவர் தற்செயலாக அண்ணாந்தார். தன் வழுக்கையும் வாழையிலையும் தலைக்கு மேலே தலைகீழாய்த் தொங்குவதைக் கண்டார். அதன்பிறகு பந்தியே அண்ணாந்தது. யாருடைய இலையில் எத்தனை வடை என்பது ஊருக்கே வெளிச்சமாகிவிட்டது. அடுத்த கிழமையே முதலாளி எனாமலைச் சுரண்டி எடுப்பித்தார்.

நாங்கள் வேலைபார்த்த கந்தோரில் இன்னும் மோசம். துரை புதுத் திரைச்சீலை போடுவித்த அன்று, அவர் வெளியே போன நேரம் பார்த்துச் சீலிங்கர் அவருடைய அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். துரை திரும்பி வந்தார். வேறு யாராக இருந்தாலும் வேலை போயிருக்கும். இவர் எழும்பாமல், திரைச்சீலைக்கும் சீலிங்குக்கும் உள்ள பகையைத் தன்னுடைய இங்கிலீசில் விளக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் கோப்போடு கதவைத் திறந்த பியூன், துரையும் கிளாக்கரும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடப்பதைக் கண்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஓடியே போனான்.

இப்படிப்பட்டவரை என் வீட்டுக்குள் நானே கூப்பிட்டேன்.

எனக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண், கொட்டாஞ்சேனையில் தமக்கை வீட்டில் நின்றாள். ஒரேயொரு தடவை கண்டிருந்தேன். ஏதோ சின்ன விஷயத்துக்குச் சிரித்தாள். அன்றிலிருந்து கந்தோரில் எனக்கு ஒரு கணக்கும் கூடி வரவில்லை. தகப்பனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சகுனம் பார்க்காமல் செருப்பும் போடமாட்டார். மாப்பிள்ளை எடுத்திருக்கிற வீட்டைப் பார்க்கச் சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடிக்காவிட்டால், இரத்மலானைப் பக்கம் ஒரு ஓவசியர் மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

நான் எடுத்தது வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் ஒரு சின்ன ஓட்டுவீடு. ஓட்டுக்குக் கீழே, அந்தக் கால வழக்கப்படி, சீலிங்காகத் துணி இழுத்துக் கட்டியிருந்தது. மரநாய்கள் அதன்மேல் குடித்தனம் நடத்திய அடையாளம் திட்டுத்திட்டாய்த் தெரிந்தது. சீலிங்கர் அதைக் கிழித்தெறிந்து, புது வெள்ளைத் துணியை மேளத்தோல் மாதிரி இழுத்து அடிப்பித்தார். அதற்குமேல்தான் நிறம் பூச வேண்டும்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு எல்லோரும் வேலையில் இறங்கினோம். கூடத்துச் சாமான்கள் முழுவதும் முற்றத்துக்குப் போயின. உதவிக்கு வந்த சமறிக்காரர்கள் சவரமும் செய்யாமல், களைத்துப்போய் விறாந்தையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வெறும் கூடத்தில், வெள்ளைத் துணிக்குக் கீழே, வடக்கு ஜன்னல் வெளிச்சத்துக்காகத் தெற்கே தலைவைத்து, கையை நெஞ்சில் வைத்தபடி சீலிங்கர் அசையாமல் கிடந்தார்.

தலைமையாசிரியர் ஒருநாள் முந்தி வந்துவிட்டார்.

எங்கள் ஊரில் செத்தவீடென்றால் முதல் வேலையாகக் கூடத்துச் சாமான்களை ஒதுக்கி, மேலே வெள்ளை கட்டுவார்கள். பிரேதத்தைத் தெற்கே தலைவைத்துக் கிடத்துவார்கள். வாசலில் நின்ற மனிதர் இவ்வளவையும் ஒரே பார்வையில் கண்டார். குடையைச் சுவரில் சாத்தினார். செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்ல நடந்து போய்ச் சீலிங்கரின் கால்மாட்டில் கைகட்டி நின்றார். பின்பக்கம் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்த நான், வெறும் மேலோடும் சுண்ணாம்பு நெடியில் கலங்கிய கண்ணோடும் அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே வந்தேன்.

“எப்ப மோனை நடந்தது?” என்று இரகசியமாகக் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பிரேதம் திறந்துவிட்டது.

“ஐயா, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கிறியள்.”

அந்த வயதில் அந்த ஓட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. குடை, செருப்பு எல்லாம் இங்கேயே கிடந்தன. மத்தியானத்துக்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஆள் வந்தது: காலடி வைத்ததுமே பிணக்கோலம் கண்ட வீடு, சம்பந்தம் வேண்டாம்.

இன்றைக்குச் சிரிக்கிறேன். அன்றைக்குச் சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். சீலிங்கர் வந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் நேர்மட்டத்தில் ஒன்றைப் பார்த்ததை அன்றுதான் கண்டேன். ‘கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிடு’ என்று மட்டும் சொன்னார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் தலைமையாசிரியர் சாய்மனைக் கதிரையில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். சீலிங்கர் பாய் கேட்கவில்லை. நின்றபடியே பேசினார்.

“பிழை என்ரதான் ஐயா. ஆனா நான் பிணமாய்க் கிடக்கேல்லை. உங்கட மகளாய்க் கிடந்தனான். அந்தப் பிள்ளை அந்த வீட்டிலை விடிய எழும்பேக்கை முதல் காணப்போறது அந்தச் சீலிங்கைத்தான். பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்குமெண்டு தெரியாமத்தான் அவ்வளவு நேரம் கிடந்தனான். உங்களுக்குத் தெரியுமோ?”

தலைமையாசிரியர் திரும்பினார். மகளின் நட்சத்திரம், இராசி, ஆறாம் வகுப்பில் கணக்குக்கு எடுத்த புள்ளி எல்லாம் அவருக்குத் தெரியும். இது தெரியவில்லை.

அப்போது அறைவாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. உயிரோடு கிடந்த மனிதருக்குத் தகப்பன் கைகட்டி நின்ற கதையைக் கேட்டதிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பு. தமக்கை அதட்டினாள். சிரிப்பு நின்று, குரல் வந்தது.

“நாட்டுக்கோழி முட்டையின்ர நிறம். மினுக்கம் வேண்டாம்.”

கிழவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுக்கு நிறமே தெரிந்தெடுத்துவிட்ட பெண்ணிடம் மேற்கொண்டு என்ன சம்மதம் கேட்பது?

“அப்ப அதையே அடியுங்கோ” என்றார் பெருமூச்சோடு. “ஆனா முழுக்க அடிச்சு முடிச்சாப் பிறகுதான் நான் உள்ளுக்கு வருவன்.”

சீலிங்கர் ஒரு கூடை முட்டை வாங்கி, ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முட்டையைத் தெரிந்தெடுத்து அதன்படி நிறம் கலந்தார். மற்ற முட்டைகளைச் சமறி பல நாள் பொரித்துச் சாப்பிட்டது.

கலியாணத்துக்குப் பிறகு அவர் ஞாயிறு தவறாமல் வருவார். புதுப்பெண் இருக்கிற வீடென்று உள்ளே படுக்கமாட்டார். விறாந்தையில் நின்று, “பிள்ளை, நிறம் மங்கேல்லையோ?” என்று கேட்பார். மங்கவில்லை என்றால் ஒரு தேத்தண்ணியோடு போய்விடுவார். மங்கிவிட்டது என்றால் வாளியும் சுண்ணாம்படிக்கிற மட்டையும் கேட்டு உள்ளே வந்து, மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். இதை என் மனைவி இரண்டாவது ஞாயிறே கண்டுபிடித்துவிட்டாள். பூச்சுக்குமேல் பூச்சேறிச் சீலிங் துணி வயிறு வைத்துத் தொங்கத் தொடங்கியது. என்றாலும் ஒவ்வொரு ஞாயிறும் அவள் அடுப்பில் ஒரு பிடி அரிசி கூடுதலாய்ப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, “ஓம் அண்ணை, நல்லாய் மங்கித்தான் போச்சு” என்பாள்.