தண்ணீர் இறக்கும் ஊர்

1974-இல் சிட்னியில் பாலைவனக் குடியிருப்புகளைப் பரிபாலிக்க ஒரு திணைக்களம் இருந்தது. அங்கிருந்த எவரும் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. பார்த்தால் நடுநிலை தவறிவிடும் என்பது கொள்கை.

யாழ்ப்பாணத்து எஞ்சினியர் தேவராஜா அங்கே தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமானால்தான் ஊரிலிருந்த மனைவி சந்திரவதனாவைச் சிட்னிப் புறநகரான லிட்கம் வீட்டுக்கு அழைக்க முடியும். அவரை ‘நாற்பதாம் மைல்’ என்ற ஊரை ஆராய்ந்து வர அனுப்பினார்கள். மைலை ஒழித்துக் கிலோமீட்டர் கொண்டுவந்த காலம் அது. ஊர்ப்பெயரைத் திருத்துவதற்காகக் கூடிய கூட்டம் 64.37-இன் தசமப் புள்ளியில் நின்றுபோயிருந்தது.

ஊரின் வரலாறு எளியது. சுரங்கத்திலிருந்து ஈயம் ஏற்றிவந்த நீராவி ரயிலுக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்க எட்டுக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். பிறகு டீசல் எஞ்சின் வந்தது. அதற்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். கிணறும் வற்றியது, சுரங்கமும் மூடப்பட்டது. ஆனால் குடும்பங்கள் இருக்கின்றனவே? அவர்களுக்குக் குடிக்க வாராவாரம் ரயில் தண்ணீர் கொண்டுபோனது. இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று தேவராஜா கேட்டார். ரயில் வந்தால் தண்ணீர் இறக்க ஆள் வேண்டாமா என்றார்கள். சம்பளமே அதற்குத்தான்.

ஊரை மூடலாம் என்று எழுதிக்கொண்டு திரும்பினார். அடுத்த மேசை வெங்கட்ராமன், சென்னைக்காரர், அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“ஊரை மூடினா ரயில் எதுக்கு? ரயில் இல்லேன்னா நம்ம ஆபீஸ் எதுக்கு? கடைசியா வந்தவரைத்தான் முதல்ல அனுப்புவாங்க, சார்.”

“கடைசியா வந்தது நானெல்லோ?”

“ஆமா.”

மனச்சாட்சி உறுத்தத்தான் செய்தது. சந்திரவதனாவின் நினைவு அதைவிட உறுத்தியது. தண்ணீர் இறக்கும் பணி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது, ஊரை எக்காலத்திலும் மூடலாகாது, மேற்பார்வைக்கு நிரந்தர அதிகாரி இன்றியமையாதவர் என்று திருத்தி எழுதினார். மேலிடம் அகமகிழ்ந்தது. அந்தப் பதவிக்குத் தகுதி யாருக்கு? பாலைவனத்தை நேரில் பார்த்த ஊழியர் ஒரே ஒருவர்தான். அவரை நிரந்தரமாக்கி அந்த ஊருக்கே அனுப்பினார்கள்.

சிட்னியில் வந்திறங்கிய சந்திரவதனா, பெட்டியைப் பிரிக்காமலே தண்ணீர் ரயிலில் ஏறி நாற்பதாம் மைலில் இறங்கினாள்.

“இஞ்ச ஏன் ஆக்கள் இருக்கினம்?”

“தண்ணி இறக்க.”

“ஆருக்குத் தண்ணி?”

தேவராஜா வாளியை அவள் கையில் கொடுத்தார். “இனி எங்களுக்கும்.”

எட்டுக் குடும்பம் ஒன்பதானதும் ஊர் வளர்கிறது என்று திணைக்களம் பூரித்து இரண்டாவது ரயில் விட்டது. இறக்க ஆள் போதவில்லை. அந்த ரயிலில் உதவி அதிகாரியாக வெங்கட்ராமன் வந்து இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். செம்மண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

“கடைசியா வந்தவன் நான். முதல்ல என்னைத்தானே சார் திருப்பி அனுப்புவாங்க?”

“ஓம், ஊரை மூடினால். மூடேலாது எண்டு நானெல்லோ எழுதிப்போட்டன்.”