எல்லாருக்கும் புனர்பூசம்

மதுரை,
6-2-1987

சிரஞ்சீவி கல்யாணராமனுக்கு மாமா விஸ்வேஸ்வரன் எழுதுவது. இங்கே நானும் உன் மாமியும் சௌக்கியம். மீனாட்சி கிருபையால் நீயும் மெட்ராசில் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணை அதிகம் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், நிச்சயமில்லை.

கடிதம் நீளும். நீ அவசரக்காரன். ஆகவே என்னென்ன வருகிறது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்:

1. நீ எழுதிய ஜாதகப் பொருத்தப் புரோகிராமை நான் சோதித்த முறை.
2. சந்தனத்தால் வந்த பிழை (தீர்ந்தது).
3. புரோகிராமின் பெரும்பிழை (தீரவில்லை).
4. சோணைக்கும் ஞானசீலனுக்கும் எட்டுப் பொருத்தம்.
5. உன் மாமியின் சாட்சியம்.
6. தைப்பூசத்தன்று கடையைத் திறக்கலாமா என்பது பற்றி என் அபிப்பிராயம்.

இந்த வரிசையை இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறை பார்த்தபோது சந்தேகம் வந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னது நினைவிருக்கும். "மாமா, எழுதினவனே பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். நீங்க ஆயுசு பூரா பசங்க கணக்குல தப்புக் கண்டுபிடிச்சவர். என் புரோகிராமையும் ஒரு தடவை திருத்திக் குடுங்கோ" என்றாய். நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து இதில் இறங்கியிருக்கிறாய். பசுபதியும் உன்னை நம்பி, மேல மாசி வீதி மாடியில் நடத்திவந்த டைப்ரைட்டிங் வகுப்பை மூடிவிட்டு அங்கே கம்ப்யூட்டரை இறக்கியிருக்கிறான். இவ்வளவு பேர் வாழ்வும் என் 'சரி'யில் தொங்குகிறது என்று நினைத்தபோது எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மறுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரிந்துதானே கேட்டாய்.

சோதித்த முறையைச் சொல்கிறேன். விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துத்தான் பையனைச் சோதிக்க வேண்டும். விடை தெரியாததைக் கொடுத்தால் அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆகவே தன் நட்சத்திரம் தனக்கு ஐயமறத் தெரிந்தவர்களையே திரட்டினேன். முதலாவது நான், ரேவதி. இரண்டாவது சோணை; கொட்டாம்பட்டிப் பக்கம் என்னோடு ஒரே பெஞ்சில் படித்து, தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன்; கார்த்திகை. அதே பள்ளியில் படித்த வேறு இருவர்; ஒருவர் அஸ்தம், ஒருவர் மூலம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நட்சத்திரமே பார்க்காத ஒருவரும் வேண்டும் என்று பசுமலையில் சரித்திரம் நடத்திய ஞானசீலனையும் அழைத்தேன். பிறந்த நேரத்துக்கு வாய்வார்த்தை போதும், வேறு வழியில்லை. ஆனால் தேதிக்கு அத்தாட்சி வேண்டும், ஆளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் புத்தகத்தோடு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன்.

நேற்று முன்தினம் காலை எல்லோரும் போனோம். வாசலில் செருப்பை விடச் சொல்லிவிட்டான் பசுபதி. உள்ளே போனால், கம்ப்யூட்டருக்கு மாலை, உச்சியில் எலுமிச்சம்பழம், விசைப்பலகைக்கு வரிசையாகச் சந்தனப் பொட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என் பிறந்த வருஷத்தை அவன் அடித்தபோது ஒன்பதாம் எண் அழுந்திய இடத்திலேயே நின்றுவிட்டது. திரை முழுவதும் ஒன்பதாக ஓடியது. நான் நவக்கிரகக் கணக்கு தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். ஞானசீலன்தான், "விசு, சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்கு பாரு" என்றார். தீக்குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துச் சரிசெய்தோம். எலுமிச்சம்பழத்தை எடுக்கப் பசுபதி சம்மதிக்கவில்லை. இது இரண்டாம் இலக்கம், முடிந்தது.

மூன்றாம் இலக்கத்தை நீ உட்கார்ந்துகொண்டு படி. திரையில் இங்கிலீஷில் 'டேட் ஆஃப் பர்த்' என்று கேட்டது. புத்தகத்தைப் பார்த்து 1-6-1919 என்றேன். நீ எழுதிய புரோகிராம் அசைந்து, சுழன்று, கடைசியில் எனக்குப் புனர்பூசம் என்றது. நான் ரேவதி. முதல் கணக்கிலேயே தப்பு. பையன் பதற்றத்தில் இருக்கலாம், இன்னொரு கணக்குக் கொடுப்போம் என்று சோணையை உட்காரவைத்தேன். அவனுக்கும் புனர்பூசம். அஸ்தம் வந்தார், புனர்பூசம். மூலம் வந்தார், புனர்பூசம்.

சோணை எழுந்து நின்றுவிட்டான். "என்னப்பா விசு, எங்காத்தா என்னையக் கார்த்திகையிலல்ல பெத்துப் போட்டா. இந்தப் பெட்டி அம்புட்டுப் பேரையும் ஒரே தொட்டில்ல போடுதே" என்றான்.

"மெஷினு தப்புப் பண்ணாது சார். கரெண்டு தப்புப் பண்ணியிருக்கும்" என்றான் பசுபதி. கரண்டும் அதைக் கேட்டதுபோல உடனே போயிற்று. இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்து, வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மறுபடி நாலு புனர்பூசம்.

எங்கள் நால்வருக்கும் தேதி ஒன்றுதான் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நால்வரையும் சர்க்கார் ஒரே நாளில் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. சர்க்காரே ஒப்புக்கொண்ட தேதியைச் சந்தேகிக்க நான் யார்? ஒரே நாளில் பிறந்தவர்களுக்கு நாலு நட்சத்திரம் எப்படி என்று ஒரு கணம் இடித்தது. பிறந்த நேரம் வேறு வேறு அல்லவா என்று சமாதானம் செய்துகொண்டேன். எனக்கு ஜோசியம் தெரியாது. கணக்கும் இப்போது எவ்வளவு தெரியும் என்று சொல்வதற்கில்லை.

ஞானசீலனை உட்காரச் சொன்னதற்கு, "எங்களுக்கு நட்சத்திரம் ஒண்ணே ஒண்ணுதானப்பா. அது பெத்லகேம்ல நின்னுருச்சு" என்றார். ஆனாலும் உட்கார்ந்தார். அவருக்கு மட்டும் உத்திராடம் என்று வந்தது. "எனது சரியாத்தான் இருக்கும். ஞானஸ்நானம் குடுத்தப்பவே கோயில்ல தேதி எழுதிட்டாங்க" என்று அச்சடித்த காகிதத்தைப் பெருமையாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வந்து வெற்றிலை பாக்குக் கடையிலும் சொன்னார்.

நாலாவது இலக்கம் சிறியது. எனக்கும் உன் மாமிக்கும் பார்த்தபின் வேறு பெண் ஜாதகம் கைவசம் இல்லாததால், பொருத்தம் பார்க்கிற பகுதியை மேலும் சோதிக்க, சோணையை மாப்பிள்ளையாகவும் ஞானசீலனைப் பெண்ணாகவும் போட்டுப் பார்த்தேன். இருவரும் ஆண் என்று யந்திரம் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. அது எட்டுப் பொருத்தம், 'உத்தமம், உடனே முடிக்கலாம்' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது. "மாப்ள, பாக்கியத்துக்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு" என்றான் சோணை. பாக்கியம் ஞானசீலனின் சம்சாரம். "சொல்லிருவேன். அவ சந்தோஷமா அனுப்பி வச்சிருவா. சோத்துக்கு நீ என்ன பண்ணுவன்னுதான் யோசிக்கிறேன்" என்றார் ஞானசீலன். இருவரும் தெருமுனை வரை இதையே பேசிக்கொண்டு போனார்கள். ஆணா பெண்ணா என்று கேட்க ஒரு வரி சேர்த்துவிடு.

அன்று மாலை வீட்டில் எனக்குப் பிறந்தநாள் பாயசம். சாப்பிட உட்கார்ந்தவன், எனக்கும் உன் மாமிக்கும் பார்த்த பொருத்தக் காகிதத்தை எடுத்து வாசித்தேன். பத்துக்கு ஒன்பது. உன் மாமி ஜகதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று.

"ஒன்பதா? நமக்கா? ஏன்னா, அந்த மெஷினை வந்த பெட்டியிலேயே வச்சுக் கட்டி அனுப்பிடச் சொல்லுங்கோ. எனக்கு ஃபேன் அஞ்சுல ஓடணும், உங்களுக்கு ரெண்டுல ஓடணும். நாற்பத்து மூணு வருஷமா அதுவே முடிவாகலை. அன்னிக்குத் திருப்பரங்குன்றம் போறதுக்கு நான் பஸ்ஸுல ஏறிட்டேன், நீங்க பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போனேள். நான் முருகனைப் பார்த்துட்டு, பழம் வாங்கிண்டு, அடுத்த பஸ் பிடிச்சு வந்தாச்சு. நீங்க அப்பவும் பூட்டைத்தான் பார்த்துண்டு நின்னேள். இதுல ஒன்பது பொருத்தம் எங்கேருந்து வந்துதாம்?"

நாற்பத்து மூன்று வருஷம் நேரில் பார்த்தவளின் சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் தள்ளாது. ஆகவே புரோகிராம் நட்சத்திரத்திலும் தப்பு, பொருத்தத்திலும் தப்பு என்று முடிவுக்கு வந்தேன்.

ஆறாவதை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தை நம்பி நீங்கள் நாள் குறித்திருக்கிறீர்கள். நோட்டீஸ் அடித்தாயிற்று. நீ வேலையை விட்டாயிற்று. இப்போது ஒரு கிழவன் 'நிறுத்து' என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்பது தெரிகிறது. ஆனால் அப்பா, பெண்ணைப் பெற்றவர்கள் அந்த மாடிப்படி ஏறி வருவார்கள். யந்திரம் சொன்னால் பொய்க்காது என்று எண்ணுவார்கள். எல்லாருக்கும் புனர்பூசம் சொல்லும் யந்திரம், சேரக்கூடாதவர்களைச் சேர்த்துவைத்தால் ஆயுசுக்கும் அந்தப் பெண் உன்னையும் என்னையும் நினைத்துக்கொள்வாள். ஆகவே தைப்பூசத்தன்று திறக்க வேண்டாம். பிழையைத் தீர்த்துவிட்டுப் பங்குனியில் பார்க்கலாம். டிரங்க் காலில் இதைக் கத்திச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். என்மேல் வருத்தம் வைக்காதே. வருத்தம் இருந்தால் எழுதிவிடு, மனதில் வைத்துக்கொள்ளாதே.

சொக்கநாதர் உனக்கு நல்ல புத்தியும், அதைவிட முக்கியமாக நல்ல தூக்கமும் அருளட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அவள் முழங்கால் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உன் மாமா,
விஸ்வேஸ்வரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் மாமி கடிதத்தைப் படித்துக்காட்டச் சொன்னாள். மூன்றாம் இலக்கம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னிக்குப் பாயசம் எதுக்கு வச்சேன்?"

"என் பிறந்தநாளுக்கு."

"இது என்ன மாசம்?"

"தை."

"தை மாசம் பொறந்தவர் ஜூன் ஒண்ணுல எப்படிப் பொறந்தேள்?"

கல்யாணராமா, பள்ளியில் சேர்ந்த நாள் முதல் எனக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று வீட்டில், தை ரேவதி, பாயசத்தோடு. ஒன்று ஆபீசில், ஜூன் முதல் தேதி, பாயசம் இல்லாமல். இரண்டையும் நான் ஒரு நாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நீ தமிழில் 'எப்போது பிறந்தீர்கள்' என்று கேட்டிருந்தால் தை ரேவதி என்றுதான் சொல்லியிருப்பேன். இங்கிலீஷில் 'டேட் ஆஃப் பர்த்' என்று கேட்டதால் கை தானாகச் சர்டிபிகேட்டுக்குப் போய்விட்டது.

உடனே சோணை வீட்டுக்கு ஓடினேன். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். "அது எட்மாஸ்டர் போட்ட தேதியப்பா. பள்ளிக்கூடம் தெறக்குற அன்னைக்கு அஞ்சு வயசு நெறஞ்சிருக்கணும். அதுக்குத் தோதா அம்புட்டுப் பேருக்கும் ஒரே தேதியப் போட்டாரு. ஊருக்கே தெரியும். நீ சர்ட்டிபிகேட்டைக் கொண்டான்னு சொன்ன, கொண்டாந்தேன். சரியான தேதியக் கொண்டான்னா சொன்ன?" என்றான்.

திருப்பரங்குன்றத்துக் குருக்கள் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி எங்களுக்குச் சரியான ஆங்கிலத் தேதி எடுத்துக் கொடுத்தார். (பூட்டைப் பார்க்காமலேயே பஸ் ஏறினேன்.) எனக்குப் பிங்கள வருஷம் தை, 1918 ஜனவரி. அங்கிருந்து நேரே பசுபதியின் மாடி. எனக்கு ரேவதி. சோணைக்குக் கார்த்திகை. மற்ற இருவருக்கும் அவரவர் நட்சத்திரம். ஒரு பிசகு இல்லை. ஓய்வு வயதைத் தாண்டியும் ஓராண்டுக்கு மேல் நான் வகுப்பெடுத்திருப்பது இதனால் தெரியவருகிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு செல்லுமா என்பது வேறு கவலை. அதை இங்கே கலக்கவில்லை.

கேள்வியை மட்டும் மாற்றிவிடு. என் தலைமுறை வந்தால் 'வீட்டில் பாயசம் எந்த மாதம்?' என்று கேட்டுவிட்டு, பிறகு தேதி கேட்கச் சொல். நாலாம் இலக்கம் அப்படியே நிற்கிறது.

ஐந்தாம் இலக்கத்தை உன் மாமி திரும்பப் பெற்றுக்கொண்டாள். சரியான தேதியைப் போட்டுப் பார்த்ததில் எங்களுக்குப் பத்துக்கு இரண்டு பொருத்தம். "இப்பத்தான் மெஷினுக்கு புத்தி வந்திருக்கு. கல்யாணராமனைத் தைரியமாத் திறக்கச் சொல்லுங்கோ. ரெண்டை வச்சுண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன், சர்டிபிகேட் எனக்குன்னா குடுக்கணும்" என்றாள். அந்த இரண்டு எவை என்று கேட்டாள். காகிதத்தைக் கொடுத்தேன். ஒன்று ரஜ்ஜு, அதாவது தாலி பலம்; ஒன்று வசியம், அதாவது ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம். வசியம் என்ற இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போகிற போக்கில் ஃபேனை இரண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

மேலே எழுதியதைக் கிழித்துப்போட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் திருத்துகிறவன் தன் தப்பை மறைக்கக்கூடாது. ஆகவே அப்படியே அனுப்புகிறேன். தைப்பூசத்தன்று திற. மூன்றாம் இலக்கம் தவறு. பிழை புரோகிராமில் இல்லை, நான் பிறந்ததில்.