இன்டர்வல் அண்ணனின் பச்சை சைக்கிள்

பெங்களூரில் இன்டர்வல் அண்ணனைப் போல அதிகமாகச் சினிமா பார்த்தவரும் இல்லை, அவரைப் போல ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்க்காதவரும் இல்லை. இடைவேளை மணி அடித்ததும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார்.

பிள்ளைகளே, சினிமா பார்த்தால் மனுஷன் கெட்டுப்போவான் என்று அம்மா சொல்ல, இல்லவே இல்லை என்று நேற்று சண்டை போட்டீர்களே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன். பெரிய விஷயங்கள் எனக்குத் தெரியாது. எனக்கு இன்டர்வல் அண்ணனைத்தான் தெரியும்.

அப்போது நான் மில்லில் சேர்ந்த புதிது. ஸ்ரீராமபுரத்தில் ஓர் அறையில் இருந்தேன். எதிரே அண்ணனின் வாடகை சைக்கிள் கடை. ஒருநாள் என்னையும் படத்துக்குக் கூட்டிப்போனார். கதாநாயகி ஊஞ்சல் ஆடினாள். தம்பிக்காரன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினான். பண்ணையார் சிரித்தபடியே அவர்கள் அப்பாவுக்குக் கடன் கொடுத்தார். விளக்கு எரிந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரி தம்பி, போலாம்."

"அண்ணா, இன்னும் பாதிப் படம் இருக்கே!"

"இனிமே எல்லாரும் அழுவாங்கடா. நல்லா இருக்கும்போதே வந்துடணும்."

இப்படியே பார்த்துப் பார்த்து, உலகத்தில் வில்லன் என்று ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. சுவரொட்டியில் அந்தப் பண்ணையாரைக் கண்டால் கும்பிடுவார். "எவ்ளோ பெரிய மனசு! கேட்டதும் எடுத்துக் குடுத்தாரே!"

பக்கத்தில் இட்லி விற்கும் கங்கம்மாவுக்குப் பொறுக்காது. "யோவ், அந்தாளு பின்னாடி என்ன பண்ணான் தெரியுமா? அந்தப் பொண்ணோட வூட்டை..."

அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். மீதிக் கதையைச் சொல்லக் கங்கம்மா கரண்டியோடு துரத்துவாள்.

மற்ற கடைகளில் தெரிந்தவர் யாராவது ஜாமீன் சொன்னால்தான் சைக்கிள் கிடைக்கும். அண்ணனிடம் சிரித்தால் போதும். அவர் கடைக்கு ஒரு புதுப் பச்சை சைக்கிள் வந்தது. கிழட்டு வண்டிகளுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி நின்றது. தினமும் முதலில் அதைத்தான் துடைப்பார்.

ஒருநாள் தலையில் எண்ணெய் வழிய, நெற்றி நிறைய விபூதியோடு ஒருவன் வந்து சிரித்தான். "ஒரு மணி நேரம் அண்ணா. மல்லேஸ்வரம் போயிட்டு ஓடியாந்துடறேன்."

"கொடபேடா அண்ணா, கொடபேடா!" என்று கங்கம்மா கன்னடத்தில் கத்தினாள், கொடுக்காதே என்பது அவனுக்குப் புரியக்கூடாதென்று. பெங்களூரில் கன்னடம் புரியாதவன் யார்? அவளையும் பார்த்துச் சிரித்துவிட்டு அவன் பச்சை வண்டியில் ஏறிப் போனான்.

போனவன் போனவன்தான்.

அண்ணன் யாரையும் திட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போனார். இடைவேளை நேரம் தாண்டியும் வரவில்லை. படம் விட்டு ஜனங்களோடு ஜனமாக வந்தார். முழுப்படத்தையும் பார்த்திருக்கிறார்! கண்கள் சிவந்திருந்தன.

"சிரிக்கிறவன்தான் கெட்டவனாம்டா, தம்பி" என்றார்.

மறுநாள் சைக்கிள் கேட்ட என்னிடமே, "அப்பா பேரு? சொந்த ஊரு? ஜாமீன் யாரு?" என்றார். கங்கம்மாவின் இட்லியைப் பிட்டு உள்ளே பார்த்து, "மாவு என்னிக்கு அரைச்சது?" என்றார். கங்கம்மா அழுதுவிட்டாள். "இந்த மனுசனை இப்படிப் பாக்க பேஜாரா கீது. பழைய பைத்தியமே தேவலை."

அவள்தான் மில் மேஸ்திரியிடம் போய்ப் பேசினாள். அவரிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. நான் அதற்குப் பச்சை வர்ணம் அடித்தேன். மேஸ்திரியே கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்த ஆளு யஸ்வந்தபுரத்துல என்கிட்ட குடுத்தான்ப்பா. காய்ச்சல்ல படுத்துட்டானாம். மன்னிச்சுக்கச் சொன்னான்."

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு பெடலில் கட்டை இல்லை. சீட்டில் மேஸ்திரி வருஷக்கணக்காக உட்கார்ந்த பள்ளம். மணியை அடித்தார். 'கிர்ரக்' என்று இருமியது. மேஸ்திரி வேலைக்குப் போகும் அந்தச் சத்தம் தெருவுக்கே தெரியும். கங்கம்மா அடுப்பைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அண்ணன் விரலில் ஒட்டிய ஈரப் பச்சையை மெதுவாக வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பாவம், காய்ச்சலோட எவ்ளோ தூரம் மிதிச்சிருப்பான்! வண்டி எப்படித் தேஞ்சுபோச்சு பாரு" என்றார். பிறகு, "தம்பி, கடையைப் பாத்துக்க. மேட்னிக்கு நேரமாச்சு."

நாங்கள் மூவரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றோம். சரியாக இடைவேளை நேரத்துக்கு, கையில் கடலைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். "நல்ல படம்! எல்லாரும் நல்லா இருக்காங்க."

மறுநாள் காலை மேஸ்திரி மில்லுக்கு நடந்து புறப்பட்டார். அண்ணன் பச்சை வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

"ஏறிக்குங்க மேஸ்திரி. தினமும் எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு எதுக்கு ஜாமீன்?"

பிள்ளைகளே, உங்களை நான் முழுப் படத்துக்குத்தான் கூட்டிப்போகிறேன். ஆனாலும் இடைவேளை விளக்கு எரிந்ததும், யாராவது என் கையைப் பிடித்து இழுக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருப்பேன்.