பச்சைநாயகியின் இரண்டு குழாய்கள்

ஒரு காட்டில், மேட்டுக்கு அந்தப் பக்கம் நிறையத் தண்ணீரும் இந்தப் பக்கம் நிறைய நிர்வாகமும் இருந்தன. இந்தப் பக்கத்துக் குட்டை வற்றிக்கொண்டே வந்தது. அதில் பச்சைநாயகி என்ற தவளையின் தலைப்பிரட்டைகள் முந்நூறு இருந்தன. கால் முளைக்க இன்னும் பத்து நாள் ஆகும்.

சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அவள் மேட்டுக்கு அப்பால் இருந்த சுனைக்குள் முக்கி, குமிழி நிற்கும்வரை காத்திருந்தாள். ஒரு வாயைச் சுனையிலேயே விட்டு, மறு வாயை வயிற்றால் அடைத்தபடி மேடேறி இறங்கிக் குட்டையில் போட்டாள். தண்ணீர் தானாகவே மேடேறி வந்து கொட்டியது. படித்தவர்கள் இதை சைஃபன் என்பார்கள். இறங்கும் வாய் சுனையின் நீர்மட்டத்தைவிடத் தாழ இருக்க வேண்டும். நடுவில் காற்று புகக் கூடாது. அவ்வளவுதான். மோட்டார் வேண்டாம், மனுவும் வேண்டாம்.

மனு வேண்டாம் என்பதுதான் வினையாயிற்று. மூன்றாம் நாள், ராஜாவின் காரியதரிசி நரி நல்லசிவம் வந்தார். யாரும் திறந்து வைக்காமலே தண்ணீர் ஓடுவதாகப் புகார் வந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. எல்லோருக்கும் தெரியும்படி மேட்டு உச்சியில் குழாயை வெட்டி வைக்க வேண்டும். சிங்கராஜா தம் திருக்கரத்தால் இணைத்து வைப்பார்.

"வெட்டினால் காற்று புகுந்துவிடும் ஐயா," என்றாள் பச்சைநாயகி. "அந்தப் பக்கத் தண்ணீர் சுனைக்கே போய்விடும், இந்தப் பக்கத்தது குட்டைக்குப் போய்விடும். அப்புறம் இணைத்தால் வெறும் குழாய்தான்."

"ஓடிக்கொண்டிருப்பதை எப்படியம்மா திறந்து வைப்பது? கொஞ்சம் யோசித்துப் பேசு."

அவள் யோசித்தாள். முந்தின நாள் ஒரு குரங்கு சுனை வாயைத் தூக்கிப் பார்த்ததற்கே, அவள் குழாயை மறுபடி முக்கி ஓட வைப்பதற்குள் குட்டை ஒரு விரல் இறங்கி, ஓரத்துப் பிள்ளைகள் சேற்றில் தவித்திருந்தன. விழாவென்றால் வரவேற்புரையே அரை நாள் போகும்.

வெள்ளிக்கிழமை, மேட்டு உச்சியில் இரண்டு துண்டாக ஒரு குழாய் கிடந்தது. பழைய ஓட்டைக் குழாய். பச்சைநாயகி புதரிலிருந்து இழுத்து வந்தது. ஒரு முனை புல்லில், மறுமுனை கள்ளியடியில். ஓடும் குழாயைச் சருகு போட்டு மூடியிருந்தாள்.

ராஜா ரிப்பனைக் கடித்தார், துண்டுகளை இணைத்தார். கைதட்டல் ஓய்ந்தது. ராஜா குனிந்து பார்த்தார்.

"என்னய்யா நல்லசிவம், தண்ணீர் எங்கே?"

பச்சைநாயகி மெல்ல நகர்ந்து சருகின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மகாராஜா, இன்றைக்குத் திறப்பு விழா மட்டும்தான்," என்றார் நல்லசிவம். "தண்ணீர் விடும் விழா தனி."

ராஜாவுக்குப் பரம திருப்தி. கழுத்துக்கு இன்னொரு மாலை அல்லவா.

பிறகு அந்தக் குழாய்க்கு வேலி போட்டார்கள். முள்ளம்பன்றியைக் காவல் வைத்தார்கள். ஆண்டுதோறும் பச்சை வண்ணம் அடித்தார்கள். சருகுக்கடியில் இருந்ததை யாரும் கேட்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது. முந்நூறுக்கும் கால் முளைத்தது. அதில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு, வறண்ட குழாயின் பராமரிப்புப் பிரிவில் நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டன.

நீதி: ஓடுகிற ஒன்று உங்களிடம் இருந்தால், பெரியவர்கள் திறந்து வைப்பதற்கென்று ஓடாத ஒன்றையும் தயாராக வைத்திருங்கள்.