கவசம் தேடும் கனவான்

நம் வட்டாரத்தில் புதிதாக ஓர் உயிரினம் பெருகி வருகிறது. அதற்குக் கவசம் தேடும் கனவான் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் விருதுநகர் நாற்கரச் சாலையோர டீக்கடைகளில் இதைப் பார்க்கலாம். யானைக்குட்டி அளவு மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திவிட்டு, சிலபேர் ஒருவர் முழங்கையை இன்னொருவர் குத்திக்கொண்டு நிற்பார்கள். சண்டை என்று நினைத்து விலக்கப் போய்விடாதீர்கள். சட்டைக்குள் அடிபடாமல் காக்க வைத்துத் தைத்திருக்கும் பட்டையின் தரத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரைடிங் சூட் என்கிற அந்தக் கவசச் சட்டையை வாங்கியவர் இந்த இனத்தில் சேரமாட்டார். அவர் வாங்கினார், மாட்டினார், வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். கனவான் என்பவர் வாங்கப் போகிறவர். வாங்கப் போகிறவராகவே பல தீபாவளிகளைக் கண்டவர்.

சூர்யபிரகாஷை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் வீடு, எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி, லடாக்கில் மனசு. மலையேறும் வண்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அது இதுவரை ஏறிய பெரிய மேடு சாத்தூர் ரயில்வே மேம்பாலம். அதனால் என்ன? அடுத்த வருடம் லடாக் போகப் போகிறார். அடுத்த வருடமும் அடுத்த வருடம் போகப் போகிறார். அதற்குள் சட்டையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

அவருடைய சிக்கல் என்ன தெரியுமா? நெடுஞ்சாலையில் விழுந்தால் தார் தோலை உரித்துவிடும், ஆகையால் துணி தடிப்பாக இருக்க வேண்டும். காட்டுப் பாதையில் எழுந்து நின்றுகொண்டே ஓட்ட வேண்டும், வியர்த்துக் கொட்டும், ஆகையால் துணி இலேசாக இருக்க வேண்டும். காற்று புக வேண்டும், மழை புகக் கூடாது. சாத்தூர் வெயிலுக்கும் தாங்க வேண்டும், இமயமலைப் பனிக்கும் தாங்க வேண்டும். மழையைத் தடுக்கும் படலம் சட்டைக்கு உள்ளே மாட்டுகிறதா, மேலே மாட்டுகிறதா என்பது அடுத்த கேள்வி. மேலே மாட்டுகிறதென்றால் பையில் தனியாகச் சுமக்க வேண்டும். உள்ளே மாட்டுகிறதென்றால் வண்டியை ஓரங்கட்டி, சட்டையைக் கழற்றி, படலத்தைக் கோத்து, மறுபடி சட்டையை மாட்டுவதற்குள் விருதுநகர் மாவட்டத்தில் மழை நின்றுவிடும். சாலைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என்று இரண்டு சட்டை வாங்கினால் கதை முடிந்தது. ஆனால் கதை முடிந்துவிட்டால் கனவான் என்ன செய்வார் பாவம்?

ஆகவே ஆராய்ந்தார். உலகத்தில் யார் யாரெல்லாம் வண்டியிலிருந்து விழுந்தார்களோ அத்தனை பேரின் வீடியோவையும் பார்த்தார். நண்பர் ஜெபசுந்தர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அவரும் இதே இனம், தினமும் ஆலோசனைக்கு வருவார்.

"ஏலே ஜெபா, இதுல முதுகுக்கு ஐரோப்பியச் சான்றிதழோட லெவல் டூ பட்டை குடுத்திருக்கான்."

"அப்பம் வாங்குலே."

"எல்லாம் சரி, ஆனா இடுப்புக்கு லெவல் ஒண்ணுதான்."

"அப்பம் விடுலே."

"எல்லாம் சரி, ஆனா முதுகு?"

இந்த 'எல்லாம் சரி, ஆனா' இருக்கிறதே, அதுதான் இனத்தின் கூவல். குயிலை எப்படிக் குரலில் கண்டுகொள்கிறோமோ அப்படி இவர்களை இதில் கண்டுகொள்ளலாம். ஜெபசுந்தர் தன் சட்டையை ஒருநாள் இரவல் தந்தார். சூர்யபிரகாஷ் அதை மாட்டி, சோபாவின் கையில் கால் போட்டு ஏறி உட்கார்ந்து, இல்லாத ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, வியர்வை வழிய வழிய வெயில் சோதனை நடத்தினார். மனைவி யோகேஸ்வரி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அவிஞ்சி போயிருவீக. ஃபேனைப் போடட்டா?"

"வேண்டாம். சாத்தூர் ரோட்ல ஃபேனா இருக்கு?"

"சாத்தூர் ரோட்ல சோபாவுந்தான் இல்ல."

மனைவிமார்கள் இப்படித்தான். ஆராய்ச்சியை மதிக்கமாட்டார்கள். ஆனால் சூர்யபிரகாஷ் அசரவில்லை. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், போனில் கம்பெனி முழுக்கக் கேட்கும்படி ஒரே பதில்தான்: "உசுரு விசயத்துல சமரசமே கிடையாது!"

நல்ல கொள்கை. கல்வெட்டில் பொறிக்க வேண்டிய கொள்கை. யாருடைய உயிர் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவர் கம்பெனியில் கனகமணி என்று ஒருவர் இருக்கிறார். பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை. அந்த அறைக்குப் பருத்தி உடுத்தித்தான் போக வேண்டும். செயற்கை இழை உரசினால் பொறி பிறக்கும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கி விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மருந்து என்பது காகிதத் துண்டு இல்லை. ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைப்பது பாலியஸ்டர் சேலை. கூலிக்கு அதைத்தான் வாங்க முடிகிறது. அதனால் கனகமணி, எல்லாப் பெண்கள் சார்பாகவும், கம்பெனியே பருத்திச் சேலையும் முழுக்கை மேல்சட்டையும் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சூர்யபிரகாஷ் இதற்கு எவ்வளவு நேரம் ஆராய்ந்தார் என்கிறீர்கள்? கொட்டாவி விடுகிற நேரம்.

"சீசன் முடியட்டும்க்கா, பாப்போம். இம்புட்டு நாளு என்ன ஆச்சு? ஒங்க மாதா பாத்துக்கிடுவா. எங்க மாரியாத்தாளும் பாத்துக்கிடுவா."

மத நல்லிணக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா! தன் முதுகெலும்புக்கு ஐரோப்பியச் சான்றிதழ். கனகமணியின் முதுகெலும்புக்கு மாதாவும் மாரியாத்தாளும் கூட்டுப் பொறுப்பு. தன்னை மட்டும் ஏன் அந்த இரண்டு பேரிடமும் ஒப்படைக்கவில்லை என்று நாம் கேட்கக் கூடாது. கேட்டால் நாத்திகன் என்பார்கள்.

ஒருவழியாகச் சட்டை வந்தது. கூரியர்காரர் இராகுகாலத்தில் கொண்டுவந்துவிட்டதால், அது கழியும்வரை அவரை வாசலில் நிற்க வைத்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார் நம் கனவான். மறுநாள் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சன்னதியில் வைத்து எடுத்தார். எங்கோ ஒரு நாட்டில் இயந்திரத்தில் போட்டுத் தேய்த்து, சம்மட்டியால் அடித்துச் சோதித்த சட்டைக்கு, வண்டிச் சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று இறுதிச் சான்றிதழ் வழங்கியது.

அதை முதலில் யாருக்குக் காட்டுவது? கம்பெனிக்குத்தான். எம். புதுப்பட்டித் தார்ச்சாலையிலிருந்து கம்பெனி வரைக்கும் கரிசல் வண்டிப்பாதை. அதுவே அவருக்கு லடாக். காலையில், பெண்கள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் சரியான நேரத்தில், எழுந்து நின்றபடி, பள்ளம் மேடெல்லாம் தேடித் தேடி ஏற்றி இறக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வெளுத்த சாம்பல் நிறம், தோளில் ஆரஞ்சுப் பட்டை, முழங்காலில் கவசம், முதுகில் ஆமை ஓடு போலப் பட்டை.

செல்லக்கனி என்பவருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏ யக்கா, யாரோ சந்திரனுக்குப் போற வழியில எறங்கி அட்ரஸ் கேக்க வந்திருக்காக!"

சூர்யபிரகாஷ் ஹெல்மெட்டைக் கழற்றிப் புன்னகைத்தார். பாராட்டை எதிர்பார்த்து வாசலை நோக்கி நடந்தார். தொடையோடு தொடை உரசிச் சரக்கு சரக்கென்று சத்தம். போர்மேன் சவரியப்பன் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"மொதலாளி, அங்கனயே நில்லுங்க. இதைப் போட்டுக்கிட்டு உள்ள வராதீக."

"ஏண்ணே? இது வெளிநாட்டுத் துணி."

"வெளிநாட்டுத் துணின்னா பொறி பறக்காதாக்கும்? போர்டைப் பாருங்க."

வாசலில் போர்டு இருந்தது. செயற்கை இழை ஆடையுடன் உள்ளே வரக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அதிகாரிகள் வரும்போது பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சூர்யபிரகாஷே எழுதி மாட்டச் சொன்ன போர்டு. எழுதி மாட்டிய நாளிலிருந்து அதை ஒருவரும் வாசித்ததில்லை.

"நான் மொதலாளிண்ணே."

"அதனாலதான் சொல்லுதேன். ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னையத்தான் மொதல்ல பிடிப்பாக. நீங்க லடாக்குல இருப்பீக."

பெண்கள் சிரித்தார்கள். சூர்யபிரகாஷுக்குக் கோபம். சவரியப்பனை விலக்கிக்கொண்டு வாசலின் இரும்புக் கம்பியில் கை வைத்தார். சுரீர்! வண்டியில் வரும் வழியெல்லாம் இருக்கையோடு உரசி உரசிச் சேர்ந்திருந்த மின்சாரம் விரல் நுனியில் சடக்கென்று இறங்கியது. லெவல் டூ முதுகு ஓரடி துள்ளியது.

"ஆத்தீ!" என்றார் கனவான்.

செல்லக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனகமணி சிரிக்கவில்லை. இரும்புக் கம்பியைப் பார்த்தார். முதலாளியின் விரலைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் சேலை முந்தானையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சவரியண்ணே, மொதலாளி உள்ள போகக்கூடாதுன்னா நாங்க மட்டும் எப்பிடிப் போறது? இதுவும் அந்தத் துணிதான?"

சவரியப்பன் தலையைச் சொறிந்தார். இத்தனை நாள் அவரும் பார்க்காத மாதிரிதான் இருந்தார். "போகக்கூடாதுதான்," என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். கனகமணி போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்தார். வேனிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் சாப்பாட்டுத் தூக்குகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. போர்டில் எழுதியிருந்ததற்குக் கீழ்ப்படிந்தார்கள். முதலாளிகளுக்கு இதைவிடப் பயங்கரமான போராட்டம் வேறு உண்டா?

தீபாவளி ஆர்டர் காத்திருந்தது. வடக்கேயிருந்து வியாபாரி போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். சூர்யபிரகாஷ் உள்ளே போயாவது எதையாவது சரிசெய்யலாம் என்று அவசர அவசரமாகச் சூட்டைக் கழற்றினார். பாவம், அதற்குள்ளே வியர்வை உறிஞ்சுகிற உள்சட்டை. அதுவும் செயற்கை இழை. உள்கால்சட்டையும் அப்படியே. ஆராய்ந்து வாங்கியவர் அல்லவா, தோல்வரைக்கும் பாலியஸ்டர்! கடைசியில் வாட்ச்மேன் ஒச்சப்பனின் பருத்திக் கைலியும் துண்டும்தான் மானத்தைக் காத்தன. சூட்டை வேப்பங்கிளையில் தொங்கவிட்டுவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு பெண்கள் முன்னால் வந்து நின்றார்.

"யக்கா, சீசன் நேரத்துல இப்பிடிச் செய்யலாமா?"

"உசுரு விசயத்துல சமரசமே கிடையாதுன்னு நீங்கதான மொதலாளி போன்ல சொல்லுவீக," என்றார் கனகமணி. "நாங்களும் காது குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தான இருந்தோம்."

கைலி கட்டிய கனவான் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "சரிக்கா. வாங்கிருவோம்," என்றார். நியாயம் வென்றது என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இனத்தின் குணம் அவ்வளவு லேசில் போகுமா? மரத்தின் மறுபக்கம் உட்கார்ந்து, போனை எடுத்து, ஜெபசுந்தரைக் கூப்பிட்டார்.

"ஏலே ஜெபா, பருத்தியில எது நல்லது? கெட்டித் துணியா, மெல்லிசா? தையல் ஒத்தையா, ரெட்டையா?"

"கிளாஸ்ல இருக்கேன்லே!"

"எல்லாம் சரி, ஆனா கெட்டித் துணின்னா அவுகளுக்கு வேர்க்குமே? மெல்லிசுன்னா சீக்கிரம் கிழியுமே? ரெண்டுலயும் கொஞ்சம் மாதிரிக்கு வாங்கி, சீசன் முடிய ஒரு சோதனை..."

"மொதலாளி!" கனகமணி எழுந்து நின்றார். "எங்களுக்கு லெவல் ஒண்ணே போதும். எந்தக் கலரா இருந்தாலும் சரி. பருத்தியா இருக்கணும். இன்னைக்கே இருக்கணும்."

"எல்லாம் சரிக்கா, ஆனா..."

"ஆனாவை நீங்க வச்சிக்கிடுங்க மொதலாளி," என்றார் செல்லக்கனி. "சேலையை எங்களுக்குக் குடுங்க."

பிற்பகலில் ராஜபாளையத்திலிருந்து லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. கட்டம் போட்ட பருத்திச் சேலைகள், முழுக்கை மேல்சட்டைகள், கட்டுக்கட்டாக. விசேஷமாக நெய்து தைத்து வந்தவை அல்ல. கடையில் கிடந்தவை. கனகமணி முதல்முறை கேட்ட நாளிலும் அந்தக் கடையில் அவை கிடந்தன.

பெண்கள் மாற்றிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கனகமணி வாசலில் நின்று இரும்புக் கம்பியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் அடிக்கவில்லை. போய்விட்டார்.

கிளையில் சூட் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் கைகளை விரித்து ஆடியது. சூர்யபிரகாஷ் எட்டி எடுக்கப் போனார். "அங்கனயே கிடக்கட்டும் மொதலாளி," என்று உள்ளேயிருந்து செல்லக்கனியின் குரல் வந்தது. "திருஷ்டிக்கு எம்புட்டு லெட்சணமா இருக்கு!"

இதையெல்லாம் வாசித்துச் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். நமக்குப் பட்டாசுக் கம்பெனி இல்லை, லடாக்கும் இல்லை. ஒரே ஒரு சின்ன வேண்டுகோள். நாளைக் காலையில் நல்ல ஹெல்மெட்டாகப் பார்த்து மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையை இறுக்கி, வீட்டம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புவீர்கள் அல்லவா? தெருமுனை திரும்புமுன் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள்.

பின்னால் இருப்பவர் தலையில் மல்லிகைப்பூவைத் தவிர வேறு ஏதாவது தெரிகிறதா?