நல்ல விரல் தேடுகிறவர்

சர்க்கரை நோயாளிகளில் பல ரகம் உண்டு. மாத்திரையை மறப்பவர்கள், மறந்ததாகச் சொல்பவர்கள், மாத்திரை போட்ட தைரியத்தில் கேக் துண்டைக் காலி செய்பவர்கள். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். இங்கே நாம் பார்க்கப்போவது தனி ரகம்: நல்ல விரல் தேடுகிறவர்.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் மெஷின் ஓர் எண்ணைச் சொல்லும். நீங்களும் நானும் நம்புவோம். இவர் நம்புவாரா? இருநூற்று எண்பதென்றால் ஆள்காட்டி விரல் சரியில்லை. இருநூற்று அறுபதென்றால் ஸ்ட்ரிப் பழசு. நடுவிரல், மோதிரவிரல் என்று போய், கையை மாற்றி, வெந்நீரில் கழுவி, ஹாலுக்கும் வாசலுக்கும் நாற்பது நடை நடந்து, மத்தியானத்துக்குள் ஏதாவது ஒரு விரல் மனமிரங்கி நூற்று முப்பது என்று சொல்லும்வரை ஓயமாட்டார். நோட்டில் ஏறுவது அது மட்டும்தான்.

நம்மவர் உத்தியோகத்தில் எடை அளவு ஆய்வாளர். ஐந்து கிராம் குறைந்தாலும் கடைக்காரரின் தராசைத் தூக்கிக்கொண்டு போனவர்! அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்றானது. நோட்டோடு போய் நின்றார். டாக்டரம்மா அதை ஒரு கையிலும், மூன்று மாதச் சராசரி சொல்லும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இந்த நோட்டு யாரோடது சார்?"

ஆபரேஷன் ஆறு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த ஆறு வாரமும் மனைவியின் ராஜ்ஜியம். சாப்பாட்டை அளந்து போட்டார், நடக்க விரட்டினார், இன்சுலின் நேரத்தை நினைவூட்டினார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் தையலின் ஓரத்தில் லேசாகக் கசிவு.

"சுகர் ஏறினா புண் ஆறாது. நாளைக்கு நோட்டைக் கொண்டுவாங்க" என்றார் போனில் டாக்டரம்மா.

மறுநாள் காலை இருநூறு. பத்து விரலும் கைவிரித்துவிட்டன. சும்மா இருப்பாரா? பதினோராவது விரலைத் தேடிச் சமையலறைக்குப் போனார்.

"கையைத் துடைச்சிட்டு ஒரு விரலைக் குடு."

"எனக்கெதுக்குங்க? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்."

புது ஊசி, புது ஸ்ட்ரிப். முந்நூற்றுப் பத்து.

"பாத்தியா! மெஷின்தான் தப்பு!" என்று குதித்தார். நிரூபிக்கத் தன் விரலில் குத்தினார். அதே இருநூறு. மனைவியின் அடுத்த விரல், முந்நூற்றுப் பன்னிரண்டு. அதற்கடுத்தது, முந்நூற்று எட்டு. தன் தையலையே மறந்துபோனார். ஒரே ஒரு நல்ல விரல், ஒன்றே ஒன்று கிடைக்காதா என்று அடுத்த கையைப் பிடித்தார்.

"போதுங்க, வலிக்குது" என்றார் மனைவி.

நோட்டை எடுத்தார். அவரவர் முதல் விரலில் வந்த எண்ணையே இருவருக்கும் எழுதினார். அன்று டாக்டரம்மாவின் முன்னால் இரண்டு நாற்காலி போட வேண்டியிருந்தது. நம்மவரின் புண் ஆற ஒரு மாதம் பிடித்தது. மனைவிக்கு அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குச் சர்க்கரை கிடையாது. சந்தோஷம். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஞாபகமில்லையா? அப்படியானால் இந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதைகூட உங்களுக்கு இல்லை. அவராவது குத்திப் பார்த்தார்.