வசிஷ்டர் வேடத்தில் என் சகலை

விருத்தாசலம்,
19-10-91

மதிப்புக்குரிய மச்சான் தர்மராஜ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ராணியின் வீட்டுக்காரன் இராஜமாணிக்கம் கைகூப்பி எழுதுவது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். சேத்தியாத்தோப்பில் தாங்களும் அக்காவும் சுகமா, நடவு முடிந்ததா என்று அறிய ஆவல். நிற்க. மச்சான், சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் சின்னத் தங்கை பாஞ்சாலையின் வீட்டுக்காரன் பக்கிரியும் நானும் பேசிக்கொண்டோம்! ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துகொண்டு ஆறு வருஷம் முகம் பாராதவர்கள், நேற்று முன்தினம் முந்நூறு பேர் எதிரில் பேசிக்கொண்டோம்.

ஆயுத பூஜைக்கு எங்கள் செராமிக் கம்பெனி ஆட்கள் நாடகம் போட்டோம். கௌசிக மகாராஜா வசிஷ்டருடைய மாட்டைப் பிடுங்கப் போய்த் தோற்று, முடியைத் துறந்து, தவமிருந்து, விசுவாமித்திரராகி, கடைசியில் அதே வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி என்று பேர் வாங்குகிறாரே, அந்தக் கதை. நான்தான் கௌசிகன். வசிஷ்டர் வேடம் நடராசனுக்கு. அன்று காலையில் பார்த்து நடராசனுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டார்கள். பாடம் தெரிந்த வேறு ஆளுக்கு எங்கே போவது? ஒரு மாதமாக நான் வீட்டில் கத்திக் கத்தி ஒத்திகை பார்த்ததைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டே மொத்த நாடகத்தையும் மனப்பாடம் பண்ணினவன் ஊரிலேயே ஒருத்தன்தான். தாடியை ஒட்டிக்கொண்டு பக்கிரி வந்து நின்றதும் நான் கிரீடத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மாடும் அவன் வீட்டு மாடுதான். "பிடித்து வாருங்கள் அந்தப் பசுவை!" என்று வசனம் பேசிவிட்டு நானே கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அது என்னை இழுத்தது, மச்சான்! மேடையை விட்டிறங்கி, பெண்கள் கூட்டத்தைப் பிளந்து, டீக்கடை வரைக்கும் போய்விட்டோம். கிரீடம் எங்கேயோ உருண்டுபோயிற்று. மேடையில் நின்றபடியே பக்கிரி "ஹோய்!" என்று ஒரே ஒரு அதட்டல் போட்டான். மாடு திரும்பி நடந்தது. பின்னாலேயே மகாராஜா நானும் நடந்தேன். ஒரே விசில்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கடைசிக் கட்டத்தில், நான் காவி கட்டிக் கைகூப்பி நிற்கிறேன், அவன் "வருக பிரம்மரிஷியே" என்று சொல்ல வேண்டும். சொன்னான்: "வருக ராஜரிஷியே." ஞாபகப் பிசகு என்று இன்னொரு தரம் கும்பிட்டேன். மறுபடியும் "ராஜரிஷியே!" நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "பிரம்மரிஷின்னு சொல்லுடா" என்றேன். அது மைக்கில் கேட்டுவிட்டது.

"எப்டி சொல்றது? ஒனக்குதான் இன்னும் கோவம் போவலியே!" என்றான்.

ஜனம் சிரித்தது. எனக்கு ஜிவ்வென்று ஏறியது. கமண்டலத்தால் மண்டையில் ஒன்று போடலாமா என்று கையை ஓங்கியும் விட்டேன். அப்போதுதான் முன்வரிசையில் பாஞ்சாலையைப் பார்த்தேன். இடையில் நாலு பேரைத் தள்ளி ராணி. அக்காவும் தங்கையும் திருவிழாவில்கூடப் பக்கத்தில் உட்கார முடியாமல் பண்ணினது யார்? ஆறு வருஷத்துக்கு முன்பு கம்பெனியில் ஒரு சூளை நிறைய வைத்த டீக் கப்புகள் முழுக்க வெடித்தபோது, சூடு ஆறுவதற்குள் நான் சூளையைத் திறந்ததுதான் காரணம் என்று, என்னுடன் வேலை செய்த பக்கிரி மேஸ்திரியிடம் சொன்னான். நான் கோயிலில் சத்தியம் பண்ணி அவனைப் பொய்யனாக்கினேன். மச்சான், உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். ஓங்கின கை தானாக இறங்கியது.

"சகல, சூளைய தொறந்தது நான்தான். அவசரப்பட்டு தொறந்துட்டேன். ஒம் பேர கெடுத்துட்டேன்" என்றேன்.

பக்கிரிக்குக் கண் கலங்கி, தாடி ஒரு பக்கம் கழன்று தொங்க, "வாங்க பிரம்மரிஷி" என்று என்னைக் கட்டிக்கொண்டான். அந்தக் கைதட்டல் உங்கள் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆகையால், எங்கள் இரண்டு வீட்டு நடுச்சுவர் யாருக்குச் சொந்தம் என்று பேசித் தீர்க்கத் தாங்கள் 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய அவசியமே இல்லை. நான் கோபத்தை விட்டவன், எனக்கெதற்குச் சுவர்? அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
இராஜமாணிக்கம்

பி.கு.: பக்கிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறானே, தபாலில் போடட்டும் என்று கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டான். "நான் எப்ப அழுதேன்? தாடி ஒட்டன பசை கண்ணுல பட்டுது!" என்றான். ஊரே பார்த்தது என்றேன். பேச்சு வளர்ந்து, திரும்பவும் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே அவசியம் வரவும். ராணியும் பாஞ்சாலையும் எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்பதாக இல்லை. இருவரும் இப்போது எங்கள் வீட்டு அடுப்படியில்தான் தோசை சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். பக்கிரி அந்தப் பக்கம் பட்டினி. எனக்கும் இன்னும் தட்டு வைக்கவில்லை.